திரும்பாத நெஹ்மேயும் திரும்பிய நாங்களும்

பிப்ரவரி 6, செவ்வாய்

காலையில் மனைவி ஹியாமுக்கு ஊசிகளில் நூல் கோத்து வைத்துவிட்டுத்தான் டாக்ஸியை எடுத்தேன். கறுப்பு, வெள்ளை, காக்கி, நீலம். எல்லாவற்றையும் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உள்ள பஞ்சுத் தலையணையில் வரிசையாகக் குத்தி வைக்க வேண்டும். வரிசை மாறினால் அவள் கறுப்புச் சட்டையில் வெள்ளைப் பொத்தான் வைத்துவிடுவாள், திட்டு எனக்கு விழும். அவளுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடதிலும் ஆரம்பம். ராணுவ ஆஸ்பத்திரியில் அறுவைக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் உள்ளே வைக்கும் லென்ஸை நாமே டாலர் கொடுத்து வாங்கித் தர வேண்டும். என் பென்ஷன் லிராவில் வருகிறது. லிரா இருக்கிற நிலைமையில் அதற்கு லென்ஸ் வந்த டப்பாவைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

தோரா சோதனைச் சாவடியில் எல்லோரையும் போல நானும் கண்ணாடியை இறக்கி, "அல்லா பலம் குடுக்கட்டும், வத்தன்" என்றேன். சிப்பாய் தலையசைத்து அனுப்பினான். பின் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் கேட்டாள்: "வத்தன்னா தாய்நாடுதானே பெரியவரே? ஒரு சிப்பாயப் பாத்து ஏன் தாய்நாடேன்னு கூப்பிடுறோம்? நர்ஸையோ வாத்தியாரையோ அப்படி யாரும் கூப்பிடறதில்லையே?"

என்னையே எத்தனை வருஷம் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒருநாள்கூட எனக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று காலை சீருடையில் போனபோது ரொட்டிக் கடைக்காரன் "வாங்க வத்தன்" என்றான். மாலை கட்டம்போட்ட சட்டையில் திரும்பினேன், அதே ஆள் "என்ன வேணும் ஹாஜி?" என்றான். இத்தனைக்கும் நான் மக்காவுக்குப் போனதில்லை. அப்படியானால் தாய்நாடு என்பது சட்டையா, அதற்குள் இருந்தவனா?

பிப்ரவரி 8, வியாழன்

வெட்கக்கேடு. எழுதவே கை கூசுகிறது.

இன்று நாடாளுமன்றத்தில் பட்ஜெட் அமர்வு. ஓய்வு பெற்ற ராணுவத்தார் அத்தனை பேரும் தொப்பியும் பதக்கமுமாகக் கூடினோம். கேட்பது ஒன்றுதான்: லிரா விழுவதற்கு முன் எங்கள் பென்ஷனுக்கு இருந்த மதிப்பில் பாதியையாவது திருப்பிக் கொடுங்கள், அதைப் பட்ஜெட்டில் ஒரு பிரிவாகச் சேர்த்துவிடுங்கள். உறுப்பினர்களின் கார்கள் போகும் தெருவில் நின்று மறிப்பது என்று திட்டம். தலைமை கர்னல் வஜ்தி. என் பக்கத்தில் நெஹ்மே. பீரங்கிப் படையில் வாழ்நாளைக் கழித்து இரண்டு காதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவன்.

எதிரே கேடயத்தோடு சிப்பாய்கள். அவர்களுக்கு ஓர் இளம் லெப்டினன்ட். ஒலிபெருக்கியில் கெஞ்சினான், "தயவுசெய்து கலைந்து செல்லுங்கள்" என்றான், யாரும் அசையவில்லை. பிறகு ஒலிபெருக்கியைக் கீழே வைத்தான். குதிகால்களைச் சேர்த்து நின்றான். வெறும் குரலில் கத்தினான்:

"அணி... நேராக நில்! பின்னா...ல்..."

ஓர் இடைவெளி.

"திரும்பு!"

என் கால் என்னைக் கேட்காமலே திரும்பியது. என் கால் மட்டுமா? கர்னல் முதல் கூடாரச் சமையல்காரன் வரை அத்தனை குதிகால்களும் ஒரே சத்தத்தில் அடித்தன. மூட்டுவலிக்காரர்கள் உட்பட. பயிற்சி முகாமில் ஆயுள் முழுக்க அணிவகுப்பு சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், குறை சொல்ல முடியாத திருப்பம். அடுத்து "நட!" என்றான். இடது காலை முன்வைத்து நடந்தே போனோம்! தெருமுனை வந்த பிறகுதான் புத்தி வந்தது. அதற்குள் கார்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன.

திரும்பிப் பார்த்தால் நடுத்தெருவில் நெஹ்மே மட்டும். கையில் கொடி. சிப்பாய்களை முறைத்துக்கொண்டு தன்னந்தனியாக நிற்கிறான்.

"என்னடா தியாப், எல்லாரும் திடீர்னு எனக்கு முதுகக் காட்டிட்டுக் கெளம்பிட்டீங்க?" என்று ஓடி வந்து கேட்டான். "நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா?"

காதுக் கருவியின் பேட்டரி தீர்ந்து மாதக்கணக்காகிறதாம். வாங்கக் காசில்லை. அரசாங்கம் பென்ஷனை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் அவனும் எங்களோடு திரும்பியிருப்பான்.

பிப்ரவரி 9, வெள்ளி

தொலைக்காட்சியில் காலையிலிருந்து நெஹ்மேதான். "திரும்பாத ஒரே சிப்பாய்." நிருபர் பெண் அவன் வீட்டுக்கே போய், இவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறாள். இவன் அவள் வாயையே பார்த்துவிட்டு, "பேட்டரி" என்றான். கீழே எழுத்து ஓடுகிறது: "மன உறுதியே என் பேட்டரி."

எங்கள் பென்ஷன் பிரிவை அடுத்த அமர்வுக்குத் தள்ளிவிட்டார்களாம். 27ஆம் தேதி. அன்றும் எடுக்காவிட்டால் இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். ஹியாமின் கண்ணும் அடுத்த பட்ஜெட்வரை காத்திருக்க வேண்டும். டாக்டர் அவ்வளவு நாள் தாங்காது என்கிறார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. ஏன் திரும்பினேன்? பயமா? இல்லை. மரியாதையா? அந்தப் பையன் மேல் எனக்கு என்ன மரியாதை? யோசிப்பதற்கு முன்பே கால் முடித்துவிட்டது. அப்படியானால் என் காலுக்கு முதலாளி யார்?

சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டே ஹியாமிடம், "நான் எதிர்பாக்காத நேரத்துல ஆர்டர் குடு. நான் திரும்பாம நிக்கிறேன் பாரு" என்றேன்.

"உனக்கு ஆர்டர் குடுக்க எனக்குச் சொல்லித் தரணுமா?" என்றாள். பிறகு மெல்லிய குரலில், "பின்னால் திரும்பு."

ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பெருமை.

"அப்படியில்ல. மொதல் சொல்ல இழுக்கணும். அப்புறம் நிறுத்தணும். அந்த நிறுத்தத்துலதான் ஆளு தயாராவான். அப்புறம் ரெண்டாவது சொல்ல அடிக்கணும். குரல் தொண்டையிலேர்ந்து வரக்கூடாது, குதிகால்லேர்ந்து..."

"போதும் போதும். முகாம் குவார்ட்டர்ஸ்ல விடியக்காலையில இதக் கேட்டுத்தான் நான் அரபுக் காப்பி போட்டேன்" என்றாள். பேச்சை மாற்றிப் பயறுச் சோற்றுக்கு வெங்காயம் நறுக்கச் சொன்னாள். நான் கத்தியை எடுத்தேனோ இல்லையோ, முதுகுக்குப் பின்னால் அவள் குரல்: "பின்னா...ல்... திரும்பு!"

கையில் கத்தியோடு திரும்பி விறைப்பாக நிற்கிறேன். அவள் ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிப்ரவரி 14, புதன்

இன்னொரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. அந்த லெப்டினன்ட் விட்ட இடைவெளி. அதை எங்கேயோ கேட்டிருக்கிறேன். எல்லோரும் அந்த அளவு விடமாட்டார்கள், அவசரப்படுவார்கள். இவன் விட்டது ஒரு மூச்சு, அதற்கு மேல் ஒரு துளி.

பழைய ஆட்களிடம் விசாரித்தேன். அதிகாரிகள் பள்ளியில் அவனுக்கு அணிவகுப்பு சொல்லிக் கொடுத்தவன் சார்ஜென்ட் முஹன்னா. முஹன்னாவுக்குச் சொல்லிக் கொடுத்தவன்?

நான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். என் குரல் இரண்டு தொண்டை மாறி வந்து என்னையே திருப்பி அனுப்பியிருக்கிறது. கோபம் வர வேண்டும். வந்தது பெருமை. எவ்வளவு சுத்தமாகக் கடத்தியிருக்கிறான் முஹன்னா! ஹியாமிடம் சொன்னேன். "பெருமைய வெச்சு லென்ஸ் வாங்கு" என்றாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

கர்னல் வஜ்தியின் வீட்டு மாடியில் கூட்டம். 27ஆம் தேதி என்ன செய்வது? "இந்த முறை யாரும் திரும்பக் கூடாது. இது ஆணை!" என்றார் கர்னல். "ஆணைன்னா யாரு சொன்னாலும் ஆணைதானே கர்னல்?" என்று கேட்டேன். அவர் என்னை முறைத்தார். உடனே எழுந்து, "அணி, நேராக நில்!" என்றேன். பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். கர்னலின் காப்பி அவர் மடியில்.

பிறகு யாரும் வாதாடவில்லை. பேசிப் பழக்கி மாற்றக்கூடிய விஷயமில்லை இது. நெஹ்மே ஏன் திரும்பவில்லை? கேட்காததால். வேறு ரகசியம் எதுவும் கிடையாது. எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவன் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எவனும் பேட்டரி கேக்காதீங்க, எங்கிட்டயே இல்ல" என்றான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், கோட்டுத் தோள்பட்டைக்குள் வைக்கும் பஞ்சு மூட்டையைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள் ஹியாம். "நல்ல அடர்த்திப் பஞ்சு. உருட்டிக் காதுல வெச்சா இடி விழுந்தாலும் கேக்காது." கண் தெரியாமலே விரல்களால் உருட்ட ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 26, திங்கள்

உருண்டைகளைப் பையில் கட்டியாகிவிட்டது. பதக்கங்களுக்கு ஹியாம் எலுமிச்சைச் சாறு போட்டுத் துடைத்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 27, செவ்வாய்

உடம்பு முழுக்க வலி. இருந்தாலும் மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

அதே தெரு, அதே லெப்டினன்ட். பஞ்சை வைத்தவுடன் உலகம் கம்பளிக்குள் போய்விட்டது. கர்னல் ஏதோ உரையாற்றினார், யாருக்கும் கேட்கவில்லை, எல்லோரும் கை தட்டினோம். நெஹ்மேவை எனக்கு வலப்பக்கம் நிறுத்திக்கொண்டேன். அவனுக்குப் பஞ்சு தேவையில்லை என்று சொன்னோம். "எல்லாருக்கும் குடுத்தீங்க, எனக்கு மட்டும் இல்லையா?" என்று சண்டை போட்டு அவனும் வாங்கி வைத்துக்கொண்டான்.

முதல் கார் வந்து நின்றது. பின்னால் இன்னொன்று. லெப்டினன்ட் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தான். குதிகாலைச் சேர்த்தான். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. முதல் சொல்லை இழுக்கிறான், தெரிகிறது. நிறுத்தினான். அந்த இடைவெளியில் நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். குதிகால் லேசாகக் கூசியது, அவ்வளவுதான். வாய் மறுபடி வெட்டித் திறந்து மூடியது. ஒருவரும் திரும்பவில்லை.

அவன் மறுபடி கத்தினான். மறுபடியும். அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கத்திக் கத்தித் தொண்டை போயிருக்கும். முஹன்னா அவனுக்கு இதற்கு மேல் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஏனென்றால் நான் முஹன்னாவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்காத அணியை என்ன செய்வது என்று எங்கள் பாடத்தில் கிடையாது.

பிறகு கேடயங்கள் நெருங்கின. எனக்கு நேர் எதிரே ஒரு சிப்பாய், உதடெல்லாம் வெடித்து, கன்னம் ஒட்டி. கேடயத்தால் என் நெஞ்சைத் தள்ள வேண்டியவன் அதை என் மேல் சாய்த்து மட்டும் வைத்திருந்தான். வெளியே பார்ப்பவர்களுக்குத் தள்ளுகிற மாதிரி இருக்கும். கேடயத்தின் விளிம்புக்கு மேல் என் கண்ணைப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. என்னிடம் ஏதோ சொன்னான்! நான் பஞ்சை எடுக்கக் கையைத் தூக்குவதற்குள் வரிசை இடம் மாறிவிட்டது.

என்ன சொன்னான்? திட்டினானா? "வழி விடு கிழவா" என்றானா? திட்டுகிற முகமில்லை அது.

மதியத்துக்கு மேல் கார்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. போதிய உறுப்பினர்கள் உள்ளே வராமல் அமர்வைத் தொடங்க முடியவில்லை. கடைசியில் பட்ஜெட் குழுத் தலைவரே நடந்து வெளியே வந்தார். கர்னலிடம் பேசினார், கை கொடுத்தார். பென்ஷன் பிரிவைத்தான் முதலில் எடுப்போம், மாலையே வாக்கெடுப்பு என்றாராம். கர்னல் எங்கள் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கி, ஜெயித்துவிட்டோம், வழி விடுங்கள் என்று கத்தியிருக்கிறார். ஒருவருக்கும் கேட்கவில்லை. இன்னும் ஆவேசமாக நெருங்கி நின்றோம். தலைவர் பயந்துபோய், முழுப் பாதி தர முடியாது, ஆனால் முதலில் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூட்டித் தருகிறோம் என்றாராம். கர்னல் வந்து ஒவ்வொருத்தர் காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொல்ல வேண்டியதாயிற்று.

மாலை வாக்கெடுப்பு நடந்தது. நாங்கள் கேட்டதில் பாதிக்கும் குறைவு. ஆனால் நிறைவேறிவிட்டது. ஹியாம் செய்தியைக் கேட்டு மெஷினுக்கு உறை போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் அழுவது தெரிந்தது.

பிப்ரவரி 28, புதன்

அந்தச் சிப்பாய் என்ன சொன்னான்? தோரா சாவடியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவன் இல்லை. ஏன் அந்தப் பஞ்சை அவ்வளவு இறுக்கி வைத்தேன்?

மார்ச் 3, ஞாயிறு

நெஹ்மே காப்பிக்கு வந்தான். பேச்சுவாக்கில், அந்தச் சிப்பாய் ஏதோ சொன்னான், என்னவென்றே தெரியாமல் சாகப்போகிறேன் என்றேன். அவன் காதில் விழாது என்பதால் கத்தித்தான் சொன்னேன்.

"ஏன்டா கத்துற? உன் வாயப் பாத்தாலே தெரியுதே" என்றான் நெஹ்மே. "பேட்டரி போனதிலேர்ந்து நான் வாயத்தான படிக்கிறேன். அவன் சொன்னதையும்தான் படிச்சேன். உனக்கும் புரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

"என்ன சொன்னான்? சொல்லித் தொலைடா!"

"மொதல்ல இன்னொரு காப்பி."

ஹியாம் கொண்டுவந்து வைத்தாள். குடித்தான். ஏலக்காய் போதவில்லை என்றான். எனக்கு அவன் கழுத்தைப் பிடிக்கலாமா என்று இருந்தது.

"எங்களுக்கும் சேத்து நில்லுங்க, வத்தன்."

"யாரைப் பாத்து?"

"உன்னத்தான். வேற யாரு நின்னா அங்க?"

சாவடியில் நிற்கும் பிள்ளைகளும் அதே லிராவில்தான் சம்பளம் வாங்குகிறார்கள். பணி முடிந்து பாதிப்பேர் ரொட்டி சப்ளை செய்யும் பைக் ஓட்டுகிறார்கள். அவர்கள் தெருவில் இறங்கிக் கேட்க முடியாது, கேட்டால் சிறை. அதைத்தான் சொல்லியிருக்கிறான். அதுவும் கட்டம்போட்ட சட்டைக்காரனை, ஹாஜி என்று சொல்லாமல் வத்தன் என்று.

எழுந்து பால்கனிக்குப் போய் அழுதேன். நெஹ்மே பின்னாலேயே வந்து, "நான் தப்பாப் படிச்சிருக்கலாம்டா, 'நகந்து நில்லுங்க'ன்னு கூட இருக்கலாம்" என்றான். சமாதானப்படுத்துகிறானாம். அவனை அடிக்கவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

அந்தக் கல்லூரிப் பெண் மறுபடி என் வண்டியில் ஏறினால் நல்லது. முழுப் பதில் இன்னும் இல்லை. தாய்நாடு என்பது சட்டை அல்ல, அது மட்டும் தெரிந்துவிட்டது.

மார்ச் 30, சனி

பென்ஷன் வந்தது. ஒரு கண்ணுக்கு எட்டும்.

ஏப்ரல் 25, வியாழன்

வலது கண் அறுவை முடிந்தது. கட்டோடு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா ஓட்டு, மெதுவா ஓட்டு" என்றாள். வண்டி நின்றுகொண்டிருந்தது, சிக்னல்.

மே 5, ஞாயிறு

நெஹ்மே பேட்டரி வாங்கிவிட்டான். முதல் நாளே பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சத்தம் தாங்காமல் கழற்றி வைத்துவிட்டானாம். கர்னல் அடுத்த போராட்டத்துக்குத் தேதி குறிக்கிறார், மீதிப் பென்ஷனுக்கும் பணியில் இருப்பவர்களின் சம்பளத்துக்கும் சேர்த்து. இந்தமுறை தட்டியில் முதல் வரி அவர்களுடையது. அதை எழுதச் சொன்னவன் நான்.

காலையில் வழக்கம்போல ஊசிகளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஹியாம் என் கையிலிருந்து காக்கி நூலை வாங்கினாள். நாக்கில் நனைத்தாள். ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரே முயற்சியில் கோத்தாள். என்னைப் பார்த்தாள். நன்றாக, நெருங்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு கெழவனாயிட்டியா தியாப்? யாரும் என்கிட்ட சொல்லவேயில்லையே."

மிச்ச ஊசிகளையும் அவளிடமே கொடுத்தேன். எனக்குக் கை சும்மா இருந்து பழக்கமில்லை. அடுத்த போராட்டத்துக்கென்று அவள் எனக்கு ஒரு சட்டை தைக்கிறாள். எழுந்து நிற்கச் சொல்லித் தோளிலிருந்து அளந்தாள், கைநீளம் அளந்தாள், நாடாவில் உள்ள எண்ணைத் தானே படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். குதிகால்களைச் சேர்த்தாள்.

"பின்னா...ல்..."

ஒரு மூச்சு. அதற்கு மேல் ஒரு துளி.

"திரும்பு!"

திரும்பினேன். காதுப் பஞ்சு மேஜைமேல், கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.